வைத்தியலிங்கம் போனுக்குப் போன ஓடிபி

அறுத்த சம்பா நெல்லை அரசு கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்து வைத்திருந்தேன். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வெப்சைட்டில் தேதி பதிந்து டோக்கன் எடுத்தால்தான் நெல்லை எடை போடுவார்கள். நனைந்துவிட்டால் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். குவியலைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, போனில் அந்த வெப்சைட்டைத் திறந்தேன்.

ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. என் போனுக்கு ஒன்றும் வரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால், அதில் காட்டிய கடைசி எண்கள் என்னுடையவை இல்லை. கீழே சிவப்பு எழுத்தில், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வேறு. எனக்கே வராததை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

என் மனைவி மேகலா எட்டிப் பார்த்தாள். "இது வைத்தியலிங்கம் நம்பருங்க. அவன்தானே பதிஞ்சு குடுத்தான்."

குடவாசல் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன் வைத்தியலிங்கம். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பயிர்க் காப்பீடு, நெல் பதிவு எல்லாம் அவன் கைதான். வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனேன். எங்கள் ஊர் ரெங்கம்மாளும் ஜெய்னுலாபுதீன் பாயும் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன்டா வைத்தி, என் கணக்குல ஒன் நம்பர் எதுக்கு?"

"ஒங்களுக்குத் தொந்தரவு வேணாம்னுதாண்ணே. ஒவ்வொரு தடவையும் ஓடிபி வந்துச்சா வந்துச்சான்னு ஒங்களத் தேடிக்கிட்டா இருக்க முடியும்?"

"சரி, தேதி போடு. மழ வருது."

அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் மேசையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நாளைக்கே என் பேரில் டோக்கன் போட்டிருந்தது.

"இது யாரு எடுத்தது?"

"ஒரு வியாபாரி அவசரம்னு கேட்டாருண்ணே. நீங்க இன்னும் அறுக்கலன்னு நெனச்சேன்."

எவனோ மலிவாக வாங்கிய நெல் என் நிலத்தில் விளைந்ததாக நாளைக்கு எடை ஏறப் போகிறது. என் நெல் வாசலில் கிடந்து முளைக்கும். அத்தனை காவல் வைத்திருக்கிற வெப்சைட், இது உன் நம்பர்தானா என்று என்னை ஒரு தடவை கேட்கவில்லை.

ரெங்கம்மாள் எழுந்துவிட்டாள். "அப்ப என் பேர்ல யாரு நெல்லுடா போயிருக்கு?"

"எனக்குத் தேதியே இல்லன்னியே, அத யாருக்குக் குடுத்த?" என்றார் பாய்.

"பாய், அது சர்வர் பிரச்சனை..."

"சர்வரா போயி வியாபாரிகிட்ட டீ குடிச்சுது?"

மேசையில் கிடந்த அவன் போனை எடுத்துக்கொண்டேன். "என் நம்பரப் போட்டு மாத்து."

"பழைய நம்பருக்கு ஓடிபி போவும்ணே."

"அது என் கையிலதான் இருக்கு. மாத்துடா."

வந்ததை நான் படிக்கப் படிக்க அவன் அடித்தான். அடுத்தது என் போனுக்கே வந்தது. அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானே அடித்தேன். அது முடிவதற்குள் ரெங்கம்மாள் தன் பட்டன் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அடுத்து எனக்கு."

அப்போது என் கையிலிருந்த அவன் போன் அடித்தது. எடுத்தேன்.

"வைத்தி, காலையில லாரிய அனுப்பிரட்டுமா?"

"அனுப்பு. வைத்தி வீட்டு வாசல்ல கொட்டிட்டுப் போ. அந்த டோக்கன்ல என் நெல்லு போவுது."

வைத்தியலிங்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "ஊருக்கு ஒழச்சதுக்கு இதாண்ணே மரியாதை."

நான் ஓங்கிய கையைப் பாய் பிடித்துக்கொண்டார். "நீ போய் நெல்லப் பாரு தம்பி. எங்களுக்கு மாத்தாம நாங்க நவுர மாட்டோம்." அந்தப் போனை அவரிடமே கொடுத்தேன்.

வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. நெல்லுக்குக் காவலிருந்த மேகலாவைப் போனில் கூப்பிட்டேன். "நாளைக்கு நம்ம நெல்லுதான். தார்ப்பாய இறுக்கிக் கட்டு, வந்துட்டேன்."

"அவன என்ன பண்ணுனீங்க?"

"இன்னும் ஒண்ணும் பண்ணல."