இன்னைக்குப் பேரு இருக்குங்களா

முஷ்ரிபாவுக்கு இரண்டு விஷயங்களில் பெருமை. அவள் பொறுப்பில் இருந்த வீட்டில் தங்கிய எந்தத் தாயிடமும் ‘உங்களுக்கு இது இலவசம்’ என்று அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அடுத்தது அந்த வீட்டின் சுத்தம். இந்த இரண்டு பெருமையும் சேர்ந்துதான் அவளைக் கெடுத்தன.

பதுளையில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், நடந்து போகிற தூரத்தில் இருந்தது அந்த வீடு. இரத்தப் புற்றுநோய், சிறுநீரக வருத்தம் என்று மாதக்கணக்கில் பிள்ளையை வார்ட்டில் வைத்திருக்கும் குடும்பங்களுக்காக, டவுன் வியாபாரிகள் சிலர் சேர்ந்து வாங்கிப் போட்ட வீடு. அந்த வார்ட்டில் இரவில் தாய்மார் தங்க முடியாது. மடுல்சீமையில் இருந்தோ பூனாகலையில் இருந்தோ தினம் வந்து போவதென்றால், பஸ்ஸிலேயே பொழுது போய்விடும். பிள்ளை கண் விழிக்கும்போது தாய் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அந்த வீட்டின் நோக்கம். தலைவர் ஸனூஸ் ஹாஜியார் கூட்டத்துக்குக் கூட்டம் இதைச் சொல்வார். முஷ்ரிபாவும் தலையாட்டுவாள்.

விஜயலெட்சுமி மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தாள். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் கிருஷ்ணராஜுக்குக் கொழும்பில் கடை வேலை. ஒரே மகன் ஜெயரூபனுக்கு ஐந்து வயது, இரத்தப் புற்றுநோய். அன்று காலைதான் அவனை வார்ட்டில் சேர்த்திருந்தார்கள்.

“எல்லாரும் என்னைய தாத்தா எண்டுதான் கூப்பிடுவாங்க” என்றாள் முஷ்ரிபா. முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரிக்குத் தாத்தா என்று பெயர்.

விஜயலெட்சுமி அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். “மீசையில்லாத தாத்தாவ இப்பத்தாங்க பாக்குறேன். நான் அக்கான்னே கூப்புடுறேங்க.”

முஷ்ரிபாவுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. அறையைக் காட்டினாள், துவாய் கொடுத்தாள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். இலவசம் என்ற சொல்லை மட்டும் பத்திரமாக வாய்க்குள் வைத்துக்கொண்டாள். கடைசியில், புதிதாக வரும் எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னாள்.

“இங்க எல்லாரும் கை குடுக்கணும் மகள். நான் ஒவ்வொரு நாளைக்கும் பேர் போடுவேன். நாளைக்கு உங்கட பேர் போட்டீக்கிறேன்.”

அவள் சொன்னது முறை வைத்துச் செய்யும் வேலையை. இன்றைக்கு ஒருத்தி கூட்டினால் நாளைக்கு இன்னொருத்தி. பிள்ளைக்கு முடியவில்லை என்றால் அதுவும் வேண்டாம். இதற்கு மேல் விளக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தமிழ்தானே பேசுகிறோம் என்று நினைத்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் விஜயலெட்சுமி சமையலறை வாசலில் வந்து நின்றாள். கூட்டினாள், கழுவினாள், தேங்காய் துருவினாள், எல்லா அறைகளின் படுக்கை விரிப்புகளையும் அள்ளிக்கொண்டு போய்த் துவைத்தாள். அதற்கு அடுத்த நாளும் அதே வாசலில், அதே நேரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“இன்னைக்குப் பேரு இருக்குங்களா அக்கா?”

அன்று முறை வேறொருத்திக்கு. ஆனால் அந்தப் பெண் இன்னும் எழும்பவில்லை. வலிய வந்து வேலை கேட்கிறவளை வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? “ஈக்குது, ஈக்குது” என்று சிரித்துக்கொண்டே விளக்குமாற்றை எடுத்துக் கொடுத்தாள் முஷ்ரிபா.

அதற்குப் பிறகு முறை என்பதே அந்த வீட்டில் இல்லாமல் போயிற்று. மற்றத் தாய்மார் விடிந்ததும் வார்ட்டுக்குப் போனார்கள். விஜயலெட்சுமி குளியலறையைத் தேய்த்தாள். டொக்டர்மார் வந்து பார்த்துப் போன பிறகுதான் அவளால் ஆஸ்பத்திரிக்கு ஓட முடிந்தது. பகல் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவத் திரும்பி வந்தாள். முஷ்ரிபா இதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தாள், ‘என்ன நல்ல குணம்’ என்று மெச்சினாள், ஜன்னல் கம்பியில் விரலைத் தடவித் தூசி இல்லை என்று சந்தோஷப்பட்டாள். ‘பிள்ளையிடம் போகவில்லையா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் போய்விடுவாளே! வசதியாக இருக்கும் ஒன்றை நாம் யாரும் தோண்டித் துருவுவதில்லை. முஷ்ரிபாவும் துருவவில்லை.

கொழும்பிலிருந்து உதவி செய்கிற பெரிய மனிதர்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்று ஹாஜியார் தகவல் சொன்னார். அதற்கு முதல் நாள் காலை, வார்ட்டுப் பிள்ளைகளுக்குப் பால் பக்கற் கொடுக்க முஷ்ரிபா போனாள். எல்லாக் கட்டிலிலும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு தாய் இருந்தாள். ஜெயரூபனின் கட்டிலில் மட்டும் அவன் தனியாக, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலையில் முடி இல்லை. கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்டர்.

“உம்மா எங்க மகன்?”

“அம்மா வேலைக்குப் போயிருக்கு.”

“எங்க வேலைக்கு?”

“அந்தப் பெரிய வூட்டுக்கு. பேரு வுழலன்னா ரூம எடுத்துருவாங்கல்ல? அப்புறம் நான் மட்டும் இங்க இருக்கணும், அம்மா மடுல்சீமைக்குப் போயிரணும்.” அவன் பால் பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நான் அழுவல. அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க.”

முஷ்ரிபாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பூனாகலைப் பெண் விளக்கினாள். “தோட்டத்துல பேருன்னா ஒரு நாள் சம்பளங்க. கணக்கப்புள்ள செக்ரோல்ல பேரு போட்டாத்தான் அன்னைக்கு வேல செஞ்சதா கணக்கு. பாதியில வேலைய விட்டுப் போயிட்டா அரைப்பேரு. தோட்டத்துல குடுத்துருக்குற லயத்து வூடும் அப்புடித்தாங்க. வேலைக்குப் போகாத ஆளுககிட்ட வூட்டக் கேட்டுருவாங்க.”

முஷ்ரிபா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ‘நான் ஒவ்வொரு நாளைக்கும் பேர் போடுவேன்’ என்று தானே தன் வாயால் சொன்னது காதில் கேட்டது. அறைக்குக் கூலியாக அந்தப் பெண் இத்தனை காலையும் உழைத்திருக்கிறாள். பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கத்தான் அறை. அந்த அறை போய்விடக் கூடாதென்று பிள்ளையை விட்டுவிட்டு வேலை. இந்தக் கூத்தை நடத்தி வைத்தது தான்தான் என்று நினைத்தபோது அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜெயரூபன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். “நீங்கதான அந்த வூட்டு அக்கா? நாளைக்கு அம்மாவுக்கு லீவு குடுப்பீங்களா?”

“குடுக்கிறேன் மகன். நாளைக்கு முழுக்க உம்மா உங்களோடதான்.”

அவன் உடனே படுத்துக்கொண்டான். காரியம் முடிந்துவிட்டதல்லவா.

முஷ்ரிபா வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகத்தான் வந்தாள். வாசலுக்கு வரும்வரை அவள் மனம் சுத்தமாகத்தான் இருந்தது. உள்ளே விஜயலெட்சுமி ஸ்டூலில் ஏறி ஜன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் பாதித் தரைக்குத்தான் பொலிஷ் போட்டிருந்தது. நாளைக்கு வருகிறவர்களுக்குப் பலகாரம் செய்ய மாவு ஊறிக்கொண்டிருந்தது. முஷ்ரிபா நின்று எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள்.

“அக்கா, நாளைக்குப் பேரு இருக்குங்களா? பெரிய ஆளுக வாறாங்கன்னீங்க.”

சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. ‘உங்களுக்குப் பேரே தேவையில்லை மகள், பிள்ளையிட்ட போங்க.’ அதைச் சொல்லிவிட்டு மற்றப் பெண்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கலாம். தானே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையைத் தேய்த்திருக்கலாம். ஒரு நாள்தானே என்று நினைத்தாள். இத்தனை நாள் போனது போனதுதான், இன்னும் ஒரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள்.

“நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஈக்குது மகள். அதுக்குப் பொறகு உங்களோட ஒரு விஷயம் பேசணும்.”

தெரியாமல் செய்ததை இறைவன் மன்னிப்பான் என்று அவளுக்கு நம்பிக்கை உண்டு. இது தெரிந்து செய்தது.

அன்று பொலிஷும் பலகாரமும் முடிய இரவாகிவிட்டது, விஜயலெட்சுமியால் அந்தியில்கூட வார்ட்டுக்குப் போக முடியவில்லை. மறுநாள் வந்தவர்கள் வீட்டைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். இப்படி ஒரு சுத்தத்தை எங்கும் பார்த்ததில்லை என்றார்கள். ஹாஜியார் முஷ்ரிபாவை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். பலகாரத் தட்டோடு வந்த விஜயலெட்சுமியையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், அவளும் சிரித்தாள். அந்த நேரத்தில்தான் வார்ட்டிலிருந்து போன் வந்தது.

தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு விஜயலெட்சுமி செருப்பில்லாமல் ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஜெயரூபனுக்கு நினைவில்லை. காய்ச்சல் ஏறி, வலிப்பு வந்து, எங்கெங்கோ குழாய்கள் மாட்டியிருந்தார்கள். அவள் கூப்பிட்ட குரலுக்கு அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. பொழுது சாயும் முன் எல்லாம் முடிந்துவிட்டது.

தாதி ஜெயந்தினி ஹாலிஎல பக்கத்துப் பிள்ளை. வராந்தாவில் முஷ்ரிபாவைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

“காலையிலேர்ந்து ஒடம்பு சூடாத்தான் இருந்துச்சு. ஆனா நல்லாப் பேசிக்கிட்டுத்தான் இருந்தான். கதவையே பாத்துக்கிட்டு இருந்தான். என்னடான்னு கேட்டா, ‘அம்மாவுக்கு இன்னைக்கு லீவு மிஸ், இப்ப வந்துரும்’னான். எத்தன தடவ சொன்னான்! நானும் அவுங்க வந்துருவாங்கன்னு நம்பிக்கிட்டு முன்னாடியே போன் பண்ணல. வந்துருந்தா ஒரு வார்த்த பேசியிருக்கும் அந்தத் தாய்.”

அந்த லீவைக் கொடுத்தவள் நான்தான், கொடுத்துவிட்டுப் பறித்தவளும் நான்தான் என்று விஜயலெட்சுமியிடம் சொல்ல முஷ்ரிபாவுக்குத் துணிவில்லை. அன்றும் இல்லை, அடக்கத்துக்குப் போய்க் கூட்டத்தோடு நின்றபோதும் இல்லை. வீட்டுக்கு வந்தால் அந்தப் பளபளத்த தரையில் கால் வைக்கக் கூசியது. சோறு இறங்கவில்லை. தொழுகையில் கையை ஏந்தினால் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. விஜயலெட்சுமியிடம் கேட்காமல் இறைவனிடம் கேட்டு என்ன பிரயோசனம்?

ஒரு வாரம் போனபின் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். பசறை தாண்டி வளைவுக்கு வளைவு பஸ் குலுங்க, சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ‘மகள், அந்த ரூமுக்கு நீங்க ஒண்டுமே செய்யத் தேவையில்ல. நீங்க அதைக் கூலியா நெனச்சது, அந்தப் பெரிய ஆக்கள் வாறதுக்கு முந்தின நாளே எனக்குத் தெரிஞ்சி போச்சு. தெரிஞ்சும் நான் சொல்லல்ல.’ அவள் திட்டட்டும், கன்னத்தில் அறையட்டும், லயமே கூடி வந்து காறித் துப்பட்டும். அறை வாங்கினால்தான் தனக்குத் தூக்கம் வரும் போலிருந்தது.

லயத்தில் விஜயலெட்சுமி அவளைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். கிருஷ்ணராஜ் கதிரையைத் துடைத்துப் போட்டான். பக்கத்து வீட்டு வேலாயி சாயத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். முஷ்ரிபா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினாள். அதற்குள் விஜயலெட்சுமி பேசிவிட்டாள்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. அன்னைக்கு வேலையப் பாதியில போட்டுட்டு ஓடிட்டேன். அத்தன பெரிய ஆளுக முன்னாடி உங்களுக்குச் சங்கடமாப் போயிருக்கும். அரைப்பேராவது போட்டீங்களா?”

“முழுப்பேர் போட்டீக்கிறேன் மகள்” என்று முஷ்ரிபாவின் வாய் அவளையறியாமல் சொல்லிற்று. சொன்ன பிறகு தன்னையே வைதுகொண்டாள். இப்போதே சொல்லிவிட வேண்டும், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று கோப்பையைக் கீழே வைத்தாள்.

விஜயலெட்சுமி அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது.

“ஒன்னு கேக்கணுங்க. ராத்திரியெல்லாம் இதே நெனப்புத்தான். காலையில காலையில அவன் தனியாத்தான கெடந்தான்? ஊசி போடுறப்பக்கூட நான் இல்ல. கடைசி நாளும் இல்ல. என்னா தாயின்னு நெனச்சிருப்பானோ? அப்புறம் நானே மனசத் தேத்திக்கிறது. வேல செஞ்சாத்தான ரூமு, ரூமு இருந்தாத்தான அவன அந்தியிலயாவது பாக்கலாம். வேற வழி இருந்துச்சாக்கா? நீங்க சொல்லுங்க.”

கிருஷ்ணராஜும் வேலாயியும் முஷ்ரிபாவின் முகத்தையே பார்த்தார்கள்.

பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் வரிசையாகத்தான் நின்றன. அவற்றைச் சொன்னால் தன் பாரம் இறங்கும், சந்தேகமில்லை. ஆனால் அது இறங்குகிற இடம் இந்தப் பெண்ணின் தலை. ஒரு காலைகூட வீணாக்காமல் மகனைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம் என்பதை அவள் சாகும்வரை சுமப்பாள். மன்னிப்புக் கேட்கும் பாக்கியம்கூட இனித் தனக்கில்லை என்று முஷ்ரிபாவுக்கு விளங்கிற்று.

“இல்ல மகள். வேற வழி இருக்கல்ல.”

விஜயலெட்சுமி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பல நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு அது. பிறகு முஷ்ரிபாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

“நீங்க நல்லா இருக்கணுங்க. நீங்க ரூமு குடுக்கலன்னா அவன் பக்கத்துல இருந்த அந்தக் கொஞ்ச நேரமும் எனக்குக் கெடச்சிருக்காது.”

கைகளை அவளிடமிருந்து எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் முஷ்ரிபா உட்கார்ந்திருந்தாள்.