லந்தெர்னா தியேட்டரின் கத்தரிப்பூ இரவு

“ஒரு வசனம், நிரோ. ஒரேயொரு—”

“அம்மா, தியேட்டர்க்காரர் எழுதிப் பாடமாக்கத் தந்திருக்கினம், அதிலை நான் என்ரை பாட்டுக்கு—”

“—வசனம் கூடச் சொன்னால் வாயிலையிருந்து முத்தே கொட்டிப்போடும்?”

“முத்தில்லை, கொந்திராத்தோ கொட்டும்! எத்தினை வருசமாய் ரெஸ்ரோறன்ட், ரெஸ்ரோறன்டாய் அலைஞ்சனான். இப்பதான் ஒழுங்கான ஒப்பந்தத்தோடை ஒரு வேலை. அது உங்களுக்குப் பிடிக்கேல்லை.”

“பிடிக்கேல்லையெண்டு ஆர் சொன்னது? செத்துப்போன கொப்பாவைப் பற்றி நீ பொய் சொல்லப்போறாய். அதுதான் பிடிக்கேல்லை.”

நிரோசினி கதிரையைச் சத்தமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யன்னலுக்குக் கீழே பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோ சந்தை இரைந்துகொண்டிருந்தது. சந்திரமதி அடுப்பை நிறுத்திவிட்டு மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று மகள் நினைக்கட்டும் என்றுதான் அப்படி நின்றாள். உண்மையில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

விசயம் இதுதான். துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கும் லந்தெர்னா தியேட்டருக்கு இந்த வருசம் நூறு வயது. அதைக் கொண்டாட, சனங்களைக் கூட்டிக்கொண்டுபோய் உள்ளே சுற்றிக் காட்டி, அதன் சரித்திரத்தையும் அங்கே பேர்போன நாடகங்களையும் சொல்லும் வேலைக்கு நிரோசினியை எடுத்திருந்தார் திரெத்தோரே, அதாவது தியேட்டர் இயக்குநர். பலெர்மோவில் பிறந்து, அங்கேயே பல்கலைக்கழகம் போன பிள்ளை. அவளின் இத்தாலியனில் குற்றம் பிடிக்க ஆளில்லை. அதே தியேட்டரைக் கூட்டித் துடைப்பவள் சந்திரமதி. அதே தியேட்டரில் கயிறு இழுக்கும் வேலை செய்து, அதே மேடையில் செத்தவர் அவள் புருசன் குணரத்தினம்.

அந்தச் சாவுதான் தியேட்டரின் சரித்திரத்தில் மிகவும் விலைபோகிற பகுதி. அதற்கு ‘கத்தரிப்பூ இரவு’ என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

“அம்மா, சனம் கதை கேக்கத்தான் வருது. திரெத்தோரேயே சொன்னவர், பழைய கயிற்றின்ரை கதைக்கு ஆரும் டிக்கெட் எடுக்காயினமாம்.”

“கயிறு பழசெண்டு அவரே சொல்லுறார், பாத்தியோ?”

“அவர் அப்பிடிச் சொல்லேல்லை!”

“பின்னை நீ இப்ப சொன்னது என்ன?”

நிரோசினி பாடமாக்க வேண்டிய தாளை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

நிரோசினி சின்னப்பிள்ளையாக இருந்த வருசம், லந்தெர்னாவில் ‘மூழ்கிய மணிகள்’ என்றொரு நாடகம் போட ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கடலுக்குள் போன ஊரின் கதை. மேடையில் கடலாக அசைவதற்கு மினுங்குகிற நீளத் துணி ஒன்று தேவைப்பட்டது. கடைகளில் வாங்கிவந்த எதுவும் திரெத்தோரேக்குப் பிடிக்கவில்லை. குணரத்தினம் சும்மா இருந்திருக்கலாம். “என்ரை மனிசியிட்டை ஒரு பட்டுச் சீலை இருக்கு” என்று சொல்லிவிட்டார். சந்திரமதிக்கும் பெருமைதான். தன் சீலை மேடையேறப் போகிறது என்று, கல்யாணத்துக்கு மாமி எடுத்துத் தந்த கத்தரிப்பூ நிறப் பட்டை மடிப்புக் குலையாமல் கொண்டுபோனாள். பிறகு படம் பிடித்து ஊருக்கு அனுப்பலாம் என்றும் எண்ணியிருந்தாள்.

மேடையில் வைத்துச் சீலையை விரித்ததும் வயதான நடிகை ஒருத்தி வீரிட்டுக் கத்தினாள். ஆம்பிளைகள் ஓடிப்போய் இரும்பைத் தொட்டார்கள். இரும்பு கிட்ட இல்லாதவர்கள் காற்சட்டைக்கு மேலால் தங்களையே பிடித்துக்கொண்டார்கள். சந்திரமதி ஒன்றும் விளங்காமல் சிரித்துவிட்டாள். பிறகுதான் ஒருவர் சொன்னார்: முந்தின காலத்தில் ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில் பாதிரிமார் அந்த நிறத்தில்தான் உடுப்பார்கள், அந்த நாட்களில் தியேட்டர்கள் பூட்டிக் கிடக்கும், நடிகர்கள் பட்டினி கிடப்பார்கள், அதனால் இத்தாலியில் அந்த நிறம் மேடைக்கு ஆகாது, கெட்டது அண்டாமலிருக்கத்தான் இரும்பைத் தொடுவது.

“எங்களுக்கு நல்ல காரியத்துக்குக் கட்டிற நிறம்” என்று அவள் சொன்னதை யார் கேட்டார்கள்!

சீலையைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் காட்சியில், இரண்டாவது அங்கம் நடக்கும்போது, மேலே படுதாக்களைத் தாங்குகிற கயிறு ஒன்று அறுந்தது. மரச்சட்டம் நேரே வந்து, படுதாவுக்குப் பின்னால் நின்ற குணரத்தினத்தின் மேல் விழுந்தது. அந்தச் சத்தம் ஊர் மூழ்குகிற சத்தம் என்று நினைத்துச் சனம் கைதட்டியது. நெடுநேரம் தட்டியதாம்.

அதற்குப் பிறகு ‘மூழ்கிய மணிகள்’ மாதக் கணக்காக ஓடியது. றோமிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள்.

“ஒரு மாசமாய்ச் சொல்லிக்கொண்டு திரிஞ்ச மனிசன்” என்றாள் சந்திரமதி, இன்னமும் சுவரைப் பார்த்துக்கொண்டு. “கயிறு இத்துப்போச்சு, கையிலை பிடிக்கத் தும்பு தும்பாய் வருது எண்டு. திரெத்தோரேயிட்டைப் போய்த் தனக்குத் தெரிஞ்ச இத்தாலியனிலை சொன்னவர். அவர் செத்த அடுத்த நாள் நான் அவரின்ரை உடுப்பு எடுக்கப் போறன், மற்றக் கயிறெல்லாம் கறுத்துப்போய்த் தொங்குது, அறுந்த கயிறு நிண்ட இடத்திலை ஒண்டு மட்டும் வெள்ளை வெளேரெண்டு புதுசாய்த் தொங்குது. விசாரிக்க வந்தவையும் அந்தப் புதுக் கயிற்றைத்தான் அண்ணாந்து பார்த்தவை. இதெல்லாம் உனக்குத் தெரியும்.”

“தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? நீங்களும் அங்கைதானே வேலை செய்யிறியள். ஒருநாளாவது திரெத்தோரேயைக் கேட்டனீங்களோ?”

“இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெசோ எடுக்க வேலைக் கடதாசி வேணும். நீ அப்ப கைப்பிள்ளை. ஆர் எனக்கு வேலை தந்தது? அவர்தான் தந்தவர்.”

“எனக்கும் அவர்தான் தந்தவர்!”

சந்திரமதி திரும்பி வந்து மகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். சந்தையில் மீன்காரன் இவளைக் கண்டால் தராசின் இரும்பைத் தொட்டுக்கொள்வான். சிரித்துக்கொண்டுதான் தொடுவான், நல்ல மீனும் தருவான், ஆனாலும் தொடுவான். இத்தனை காலத்தில் அவளுக்கே அது ஏறிப்போய்விட்டது.

“பிள்ளை, உள்ளதைச் சொல்லுறன். சிலவேளை எனக்கே அந்த எண்ணம் வருது. நான் அந்தச் சீலையைக் கொண்டுபோகாமல் விட்டிருந்தால் மனிசன் இருந்திருப்பாரோ எண்டு. கயிறெண்டு தெரியும், கண்ணாலை கண்டனான், எண்டாலும் வருது. ஆராவது ஒருத்தர் அந்த மேடையிலை நிண்டு, கயிறு இத்துப்போய் அறுந்தது எண்டு சொல்லோணும். அப்பதான் நானும் நம்புவன்.”

நிரோசினி தாயின் முகத்தைப் பார்க்காமல் மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

“சரி. சொல்லப் பாக்கிறன்.”

“பாக்கிறன் எண்டால்?”

“பாக்கிறன் எண்டால் பாக்கிறன், அம்மா. சோத்தைப் போடுங்கோ.”

முதல் சுற்றுலா சனிக்கிழமை காலை. சனம் வரும்போது கீழே நிற்க வேண்டாம், மேல் மாடத்துக் கதிரைகளைத் துடை என்று திரெத்தோரே சந்திரமதியிடம் மரியாதையாகவே சொன்னார். அவர் எப்போதும் மரியாதையான மனிசன், ‘சிஞ்ஞோரா’ போடாமல் பேசமாட்டார். வாளியோடு மேலே ஏறுமுன் அவள் முன்மண்டபத்துக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். உள்ளே, ‘அந்தச் சீலை’ என்ற எழுத்தோடு, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துணி, அதன் மேல் விளக்கு. அவளின் சீலை புருசனோடு சவப்பெட்டிக்குள் போய்விட்டது, அவள்தான் போர்த்தி அனுப்பினாள். இது வியா மக்வேதா தெருப் பக்கம் எங்கேயோ வாங்கின யன்னல் சீலைத் துணி, கரை கூட மடித்துத் தைக்கவில்லை.

“கடவுளே, இதைக் கட்டிக்கொண்டு ஆர் கோயிலுக்குப் போறது!” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஏறினாள்.

நிரோசினி சனத்தோடு மேடைக்கு வந்தாள். நல்ல கறுப்பு உடுப்பு, தலையை இழுத்துக் கட்டியிருந்தாள். குரல் மேல் மாடம் வரைக்கும் தெளிவாக ஏறி வந்தது. கந்தக வியாபாரி ஒருவர் தன் மனைவி பாடுவதற்கென்று இந்தத் தியேட்டரைக் கட்டினார், திறக்குமுன்பே அவள் இறந்துவிட்டாள் என்றாள். போர்க்காலத்தில் குண்டு விழுந்து கூரை போனது, அடுத்த மாரியில் கூரை இல்லாமலே ‘உப்பு ராணி’ நடந்தது, சனம் குடை பிடித்துக்கொண்டு கடைசிவரை இருந்து பார்த்தது என்றாள். சிரிப்பெழுந்தது. பிறகு படக்கொட்டகை, பிறகு மாக் கிடங்கு, பிறகு மறுபடியும் நாடகம். சந்திரமதி துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். எவ்வளவு அழகாகக் கதைக்கிறாள் என் பிள்ளை!

“இனி, கத்தரிப்பூ இரவு” என்றாள் நிரோசினி.

சனம் நெருங்கி நின்றது. அவள் சீலையைச் சொன்னாள், நடிகையின் அலறலைச் சொன்னாள், இரும்பைத் தொட்ட ஆம்பிளைகளைச் சொன்னாள். முதல் நாள் காட்சிக்கு வந்தாள்.

“இரண்டாவது அங்கத்தில், இதோ இந்த இடத்தில், கயிறு...”

நின்றுவிட்டாள். சந்திரமதி ஈரத்துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முன்வரிசைக் கதிரையில் கால்மேல் கால் போட்டிருந்த திரெத்தோரே தலையை நிமிர்த்தினார்.

“கயிறு தானாகவே அறுந்தது” என்றாள் நிரோசினி. “புத்தம் புதுக் கயிறு. இன்றுவரை யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை.”

சனத்திடமிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ மேடை ஓரத்து இரும்புப் படியைத் தேடிப்போய்த் தொட்டார்கள். திரெத்தோரே மறுபடி சாய்ந்துகொண்டார்.

சந்திரமதி துடைத்த கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ‘பழைய கயிறு’ என்று சொல்லாமல் விட்டிருந்தால்கூட ஆற்றிக்கொண்டிருப்பாள், பாவம், வேலைக்காக என்று. புதுக் கயிறாம்! தான் கண்ணால் கண்டு வந்து சொன்னதையே மகள் தனக்கு எதிராகத் திருப்பிவிட்டாள். மேடையிலிருந்து சொன்னால் நம்புவேன் என்று கேட்டது அவள்தானே. கேட்டாயிற்று.

கீழே தொப்பி போட்ட கிழவி ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது? சீலைக்காரிக்கு?”

“அவள்...” நிரோசினி தலையைக் குனிந்துகொண்டு, பாடமாக்கியதைச் சொன்னாள். “அவள் சீலையை இங்கேயே விட்டுவிட்டுத் தன் நாட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளைக் கண்டவர்கள் இல்லை.”

சந்திரமதி எழும்பினாள். கால் பட்டு வாளி சரிந்தது, தண்ணீர் மாடத்து விளிம்பால் வடிந்து கீழ்க் கதிரைகளின் மேல் ஊற்றியது. எல்லாத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. திரெத்தோரே எழும்பிச் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, துடைக்கிற சிஞ்ஞோரா. வாருங்கள், முன்மண்டபத்துக்குப் போவோம்.”

தொப்பிக்காரி அசையவில்லை. மேலே நிற்பவளையும் பார்த்தாள், மேடையில் நிற்பவளையும் பார்த்தாள்.

சந்திரமதி விளிம்புக் கம்பியைப் பிடித்து, உடம்பை முன்னுக்குச் சாய்த்து, மேடையிலிருப்பவளுக்கு மட்டும் விளங்குகிற பாசையில் கேட்டாள்:

“கேக்கினமெல்லே பிள்ளை, வடிவாய்ச் சொல்லு. நான் எந்த ஊருக்குப் போனனான்?”