ஒரு சுழி கூடுதல்

நாற்பதாம் பக்கம் வருவதற்குள் பதினேழு பிழைகளைப் பிடித்துவிட்டாள் அக்கா. ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனாவால் வட்டமிடும்போது உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மூன்று சுழி 'ண' எங்கே வரும், இரண்டு சுழி 'ன' எங்கே வரும் என்பது தங்கைக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பிடிபடாத விஷயம். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவளுக்கு அது தெரிந்துதான் ஆகவேண்டும் என்றில்லை. ஆனால் அவள் நாவல் எழுதிவிட்டாள். அக்கா பிழை திருத்தும் வேலை பார்க்கிற இதே பதிப்பகம் ஒரே வாரத்தில் அதை ஏற்றுக்கொண்டும் விட்டது.

பொறாமைதான், வேறென்ன. புத்தகப் பைத்தியம் என்று வீட்டில் பெயரெடுத்தவள் அக்கா. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்து அம்மாவிடம் திட்டு வாங்கியவள். தங்கையோ தடிப் புத்தகமாகப் பார்த்துத் தலைக்கு வைத்துத் தூங்கியவள். இருபது வருடமாக என்ன எழுதிக் கிழித்தாய் என்று யாராவது கேட்டால், எழுதினேன், கிழித்தேன் என்று அக்கா உள்ளதையே சொல்லலாம். கிழித்ததில் பாதிக்கு மேல் அம்மா இறந்த மறுநாளைப் பற்றியது. அந்த நாள் தனக்குத்தான் என்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

அது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கிடந்தது.

'அக்கா எல்லாவற்றையும் துவைக்க எடுத்தாள். நான் தலையணை உறையை மட்டும் ஒளித்துவைத்தேன். அதில் அம்மாவின் மனம் இருந்தது.'

மணம் என்றிருக்க வேண்டும், வாசனை. வழக்கமான பிழை. திருத்தினால் யார் வேண்டுமானாலும் எழுதிவிடக்கூடிய வரி. திருத்தாவிட்டால், இருபது வருடமாக அவள் தேடிய வரி. கை தவறி எழுதியவளுக்குப் போய் இது கிடைத்திருக்கிறதே என்று வயிறு எரிந்தது.

போன் போட்டு, மனமா மணமா என்று கேட்டாள்.

"எனக்கு எந்தச் சுழி எங்க வரும்னு என்னைக்குக்கா தெரிஞ்சிருக்கு? நீ போடுறதுதான் சரி," என்றாள் தங்கை. கொஞ்சம் தயங்கி, "அந்தப் பக்கம் படிச்சிட்டியா? கோவமா?" என்றாள்.

வேலையிருக்கிறது என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள்.

ஒரு சுழியைக் கூட்டினாள். வரி சுத்தமாகிவிட்டது. பக்கத்து மேசைக்காரர் குனிந்து வேலையாக இருந்தார். கைப்பையிலிருந்து தன் நோட்டை எடுத்தாள். பிழை என்று அடித்த சொல்லை யார் எடுத்துக்கொண்டால் என்ன? முதலிலிருந்தே எழுத ஆரம்பித்தாள். 'அக்கா' என்று எழுதக் கை வரவில்லை. இது தன் கதையல்லவா. 'நான் எல்லாவற்றையும் துவைக்க எடுத்தேன்' என்று எழுதினாள்.

அதற்கு மேல் பேனா நகரவில்லை. ஒளித்துவைத்தவள் அவளில்லை, அவள் துவைத்தவள். அன்று கை முழுக்கச் சோப்பு நுரையோடு, உறை ஒன்று குறைகிறதே என்று தங்கையின் அறை வாசலில் போய் நின்று கேட்டிருந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பாமலே, தெரியாதுக்கா என்றாள்.