முதுகோடு முதுகு

எங்கள் வீட்டில் தலையணைக்குக்கூட இரண்டு ஷிப்ட். இரவில் தரணியின் தலை, பகலில் என் தலை. கல்யாணத்தின்போது இரண்டு வாங்கினோம். ஒன்று மழைக்கசிவில் நனைந்து பூஞ்சை பிடித்துப்போனது. இன்னொன்று வாங்க அவசியம் வரவில்லை.

பெருமாநல்லூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் நான் இரவு ஆபரேட்டர். வட்ட மெஷின்களைச் சுற்றிச் சுற்றி நடப்பதுதான் வேலை. நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவேன், துணியில் ஓட்டை விழுந்தால் மெஷினை நிறுத்துவேன். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அதற்காகவே இரவு ஷிப்டைக் கேட்டு வாங்கியிருந்தேன். கல்லூரியை மூன்றாம் வருஷத்தில் விட்டவனைப் பார்த்தால் பகலில் எல்லோரும் ஏன் என்று கேட்கிறார்கள். பெரிய கதை எதுவும் கிடையாது. அரியர் சேர்ந்தது, போகப் பிடிக்கவில்லை, போகவில்லை.

தரணி என் வகுப்பு. அவள் படித்து முடித்து, அதே கல்லூரி நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். பொங்கலூரில் இருக்கும் அவள் அப்பா இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

நான் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அவள் ஒரு காலில் செருப்போடு நிற்பாள். குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது, கேஸுக்குப் பதிவு செய்யுங்கள், தண்ணீர் வந்தால் பிடித்து வையுங்கள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அந்த மாதங்களில் ஆர்டர் அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடியது. போனில் பேசலாம். போனில் எனக்கு ‘ம்’ என்பதற்கு மேல் வராது.

அப்படி இருக்கும்போதுதான் அவளைப் பெண்கள் விடுதிக்கு உதவி வார்டனாகக் கூப்பிட்டார்கள். பகலில் நூலகம், இரவில் விடுதி. தங்க அறை, சாப்பாடு எல்லாம் உண்டு. ஆபீஸ் சூப்பிரண்டு ஜெயபாரதி மேடம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். தரணி இன்னொரு செருப்பை மாட்டிக்கொண்டே என்னைக் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க எதுவும் இல்லை. போகாதே என்று சொல்ல வேண்டும். ஆனால் ஒரு காரணம் வேண்டும். இரவில் நான் வீட்டில் இருப்பதில்லை. தனியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு படுப்பவள் அங்கே நாலு பேரோடு இருப்பாள். என் பக்கம் இருந்ததெல்லாம் அவள் ஒற்றைச் செருப்போடு நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம். அதை எடுத்துவைத்து எப்படி வாதாடுவது? பகல் ஷிப்ட் கிடைக்குமா என்று சூப்பர்வைசர் ஆறுச்சாமி அண்ணனைக் கேட்டேன். யாராவது வேலையை விட்டு நின்றால் பார்க்கலாம் என்றார். காரணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் அவளுக்குப் புரியும் என்று நினைத்தேன். அதற்கு ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது.

அதைக் கண்டுபிடித்தது தரணிதான். கல்லூரியைத் தரம் பார்க்க ஒரு கமிட்டி வருவதாக இருந்தது. அதற்காகப் புதிதாக ஜிம் கட்டி, காலையில் குழு வகுப்புகள் ஆரம்பித்திருந்தார்கள். பிள்ளைகள் எழுந்து வரவில்லை. ஆளே இல்லாமல் போட்டோ எப்படி எடுப்பது? ஸ்டாஃப் குடும்பத்தோடு வரலாம், எல்லா வகுப்பையும் செய்து பார்த்துவிட்டுப் பிடித்ததில் சேரலாம் என்று சர்க்குலர் விட்டார்கள்.

“ஒரு மணி நேரம் சேந்து இருக்கலாமுங்க,” என்றாள்.

“குதிச்சுக்கிட்டேவா?”

“குதிச்சாத்தான் என்ன?”

விடியும்போது ஷிப்ட் மாறும். அப்படியே கல்லூரிக்குப் போனேன். வாட்ச்மேன் என்னை அடையாளம் கண்டுகொண்டு, அரியர் பரீட்சையா என்று கேட்டார். குதிக்கப் போகிறேன் என்றேன். உள்ளே விட்டார்.

முதல் நாள் யோகா. இளங்கோ மாஸ்டர் ஆண்களை ஜன்னல் பக்கமும் பெண்களைச் சுவர்ப் பக்கமும் உட்காரவைத்தார். நடுவில் ஒரு நோட்டீஸ் போர்டை உருட்டிக்கொண்டுவந்து நிறுத்தினார். புருஷன் பெண்டாட்டிக்குமா என்று கேட்டேன். காலேஜுங்க சார் என்றார். கடைசியில் மல்லாந்து படுத்து உடம்பைத் தளர விடச் சொன்னார். ராத்திரி முழுக்க நடந்தவனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. என் குறட்டை என்னையே எழுப்பியது. போர்டுக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரித்தார்கள். அதில் தரணியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது கல்லூரி நாட்களில். இன்னொரு முறை குறட்டை விடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஜும்பா பெண்களுக்கு மட்டும் என்பது போன பிறகுதான் தெரிந்தது. என்னைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். அங்கே அக்கவுண்ட்ஸ் ராஜவேல் டம்பெல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவியும் உள்ளே ஆடிக்கொண்டிருந்தார். சுவர் வழியே பாட்டு அதிர்ந்தது.

“உனக்கு ஏந் தம்பி மொகம் இப்புடி இருக்குது?” என்றார். “இந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு ஊட்டுலிருந்து லீவு.”

சைக்கிள் வகுப்பில் தடுப்பு இல்லை. ஆனால் ஆண்கள் முன்வரிசை, பெண்கள் பின்வரிசை. தரணி எனக்கு நேர் பின்னால் இருந்தாள். அவள் பார்க்கிறாள் என்ற நினைப்பில் முறுக்கி மிதித்தேன். திரும்பிச் சொல்லிவிடலாம் என்றால் ஸ்பீக்கர் எங்கள் மெஷினைவிட மோசம். முடிந்ததும் படியில் என்னை நிறுத்தி, என் பிடரியிலிருந்து பஞ்சை எடுத்து ஊதினாள். முழு வகுப்பும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். அவள் விரல் பட்ட இடத்தில் கூசியது. நான் வாயைத் திறப்பதற்குள் நூலகச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

ஸ்டெப் வகுப்பில் சுவர் முழுக்கக் கண்ணாடி. பலகையில் ஏறி இறங்கிக்கொண்டே கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பகல் வெளிச்சத்தில் அவள் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இரவெல்லாம் வீட்டில் தூங்குகிறவளுக்கு ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை. என்ன சொல்லட்டும் என்று உதட்டை அசைத்தாள். நான் பதில் காட்டுவதற்குள் கால் பலகையிலிருந்து தப்பிப் பக்கத்து ஆள்மேல் விழுந்தேன். மாஸ்டர் என்னைக் கடைசி வரிசைக்கு மாற்றினார். அங்கிருந்து கண்ணாடி தெரியவில்லை.

கெடு நாளான வெள்ளிக்கிழமை ஜோடி ஸ்ட்ரெச்சிங். அதுதான் மிச்சமிருந்த ஒரே வகுப்பு. மாஸ்டர் வழக்கம்போல ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று ஜோடி பிரித்தார். எனக்கு ராஜவேல். தரணிக்கு யாரோ ஒரு பேராசிரியை. தரணி இடத்தைவிட்டு நகரவில்லை.

“சார், அவரு என்ற ஊட்டுக்காரருங்க. நான் அவருகூடத்தான் உக்காருவேன்.”

மாஸ்டர் ஜெயபாரதி மேடத்தைப் பார்த்தார். அவர் சுடிதாரில் யோகா மேட்டின் மேல் சிரமப்பட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்.

“உக்காரட்டும் இளங்கோ,” என்றார். “போட்டோ எடுக்கறப்ப மட்டும் மாறிக்கங்க.”

முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். ஒருவர் முன்னால் குனிய, மற்றவர் அவர்மேல் மல்லாந்து சாய வேண்டும். முதலில் நான் சாயும் முறை. தரணி குனிந்தாள். நான் பயந்து பயந்து பாதிக் கனத்தைத்தான் கொடுத்தேன். முழுசாகச் சாயுங்கள் என்றாள். சாய்ந்தேன். அவள் மூச்சு என் முதுகில் ஏறி இறங்கியது. என் ஈரப் பனியனுக்கும் அவள் சட்டைக்கும் நடுவில் சூடு பரவியது. முகம் தெரியாதது வசதியாக இருந்தது. இப்படியே சொல்லிவிடலாம்.

“இன்னைக்குப் பதில் சொல்லணுமுங்க,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, கல்லூரியில் கூப்பிட்ட மாதிரி, மெதுவாக, “சொல்லுடா. போகட்டுமா, வேண்டாமா?”

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்காகக் கண்ணை மூடினேன்.

விழித்தபோது ஹால் காலியாக இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் சுருட்டிய மேட்டுகளை அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். இளங்கோ மாஸ்டர் சைக்கிள்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எழுப்ப வேண்டாம்னுட்டாங்க சார்,” என்றார். “கிளாஸ் முடியற வரைக்கும் குனிஞ்ச வாக்குலயே இருந்தாங்க. போட்டோவுக்குக்கூட நகரலீங்க.”

போனில் அவள் குரல் பதிவு ஒன்று காத்திருந்தது. மேடம் கேட்டார்கள், சரி என்று சொல்லிவிட்டேன் என்றாள். ராத்திரி தனியாகப் படுத்தால் தூக்கம் வருவதில்லை, சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன், சொன்னால் நீங்கள் வேலையில் கவலைப்படுவீர்கள் என்று சொல்லவில்லை என்றாள். கடைசியில், “நீ இவ்வளவு கனம்னு மறந்தே போச்சுடா,” என்றாள்.

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவளும் இரண்டு பைகளோடு கிளம்பினாள். தலையணையை எடுத்துக்கொள் என்றேன். அங்கே கொடுக்கிறார்கள் என்றாள். திங்கட்கிழமை காலையில் வந்து கதவைத் திறந்தேன். வாசலில் செருப்பு இல்லை. தலையணை நேற்று நான் தள்ளிய கோணத்திலேயே கிடந்தது. படுத்தேன், தூக்கம் வரவில்லை.

விடுதிக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி. வகுப்புகளைச் செய்து பார்க்கும் வாரமும் முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை ஜோடி வகுப்பு மட்டும் மிச்சம். அதில் எங்கள் இருவர் பெயரையும் அவளே பதிந்திருந்தாள்.

வியாழக்கிழமை ஷிப்ட் ஆரம்பிக்கும்போது ஆறுச்சாமி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பகல் ஆள் ஒருவன் ஊருக்குப் போகிறானாம்.

“கேட்டியே கண்ணு, எடுத்துக்க. திங்கக்கெழமையிலிருந்து வா. உனக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லு, வேற ஆளு காத்துட்டிருக்கான்.”

பகல் ஷிப்ட் விடியும்போது ஆரம்பிக்கிறது. எடுத்துக்கொண்டால் வெள்ளிக்கிழமை வகுப்பும் போய்விடும். தரணி விடுதியை விட்டு வந்தால் இரவெல்லாம் நான் வீட்டில் இருப்பேன். வராவிட்டால் அவளைப் பார்க்க ஒரு இடமும் இருக்காது. அண்ணன் மணியைப் பார்த்தார். சரிங்கண்ணா என்றேன்.

மறுநாள் காலையில் வகுப்புக்குப் போகும் முன்னால் பேக்கரியில் நின்று இரண்டு டீ குடித்தேன். முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவினேன். இந்த முறை தூங்கினால் நான் மனுஷனே இல்லை.

தரணி முன்பே வந்து மேட்டை விரித்திருந்தாள். தலை சரியாகச் சீவியிருக்கவில்லை. ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல், ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் கூட இருந்துவிட்டு நேராக வருகிறேன் என்றாள். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். பிள்ளைகள் விடிய விடிய என்னவாவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள், பயமில்லை என்றாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பயமில்லாத இடத்திலிருந்து ஒருத்தியை எப்படி எழுந்து வரச் சொல்வது?

மாஸ்டர் எங்களைப் பிரிக்கவில்லை. முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தோம். இந்த முறை நான் குனிந்தேன். அவள் சாய்ந்தாள். முதலில் பாதி, பிறகு முழுசாக. அவள் தலை என் தோளில் சரிந்து நின்றது. வாயைத் திறந்தேன். அவள் மூச்சு அதற்குள் மாறியிருந்தது.

மாஸ்டர் மாறிக்கொள்ளுங்கள் என்றார். எல்லா ஜோடியும் மாறியது. நான் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். பக்கத்தில் ராஜவேல் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் ஜோடியிடம் மெதுவாகப் பேசச் சொன்னார். வகுப்பு முடிந்தது. ஒவ்வொருவராக மேட்டைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். என் இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது, கால் மரத்துவிட்டது. நூலகம் திறக்கும் நேரம் தாண்டியது. எழுப்ப மனம் வரவில்லை. சொல்லாமல் விடவும் முடியாது. திங்கட்கிழமை நான் மெஷின் முன்னால் நிற்பேன்.

மின்விசிறியை யாரோ நிறுத்தினார்கள். அந்த அமைதியில் அவள் அசைந்தாள்.

“தூங்கிட்டனா?”

“ம்.”

“எழுப்பறதில்லீங்களா?”

“பகல் ஷிப்ட் வாங்கிட்டேன் தரணி. ராத்திரிக்கு இனி ஊட்டுல இருப்பேன். வந்துரு.”

காரணம், விளக்கம் எல்லாம் அதற்கு அப்புறம் வரும் என்று நினைத்தேன். எதுவும் வரவில்லை. வெளியே முதல் மணி அடித்தது. ஜெயபாரதி மேடம் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மணி அடித்த பிறகும் என் முதுகிலிருந்து அவள் கனம் எழவில்லை. நான் இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தேன்.