உங்கப்பாகிட்ட சொல்லு

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம். அப்பாவும் அம்மாவும் பேச்சை நிறுத்தியபோது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்ததாக ஞாபகம். நீ அப்போது பள்ளிக்கூடமே சேரவில்லை என்பாள் யுவராணி அக்கா. காரணத்திலும் ஒத்துப்போக மாட்டோம். எனக்கு அது ஒரு தீபாவளிப் புடவை. அவளுக்கு, யாரோ சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகாமல் விட்டது.

ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. ஒருவர் இருமினால் எல்லோருக்கும் கேட்கும். ஆனாலும் "உங்கப்பாகிட்ட சொல்லு", "உங்கம்மாகிட்ட சொல்லு" என்றுதான் எல்லாம் நடந்தது. காதில் விழுந்ததையே நாங்கள் போய்த் திரும்பச் சொன்னால்தான் பதில் வரும். சாப்பாடு, கரண்ட் பில் என்றால் என்னைப் போகவிடுவாள் அக்கா. வசவு என்றால், "நீ போய் சைக்கிள் ஓட்டுடா" என்று வெளியே தள்ளிவிடுவாள். அந்த வார்த்தைகளையெல்லாம் அவள் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு அவர்கள் திருநின்றவூரில் வாடகைக்குப் போனார்கள். நாங்கள் வேறு வேறு இடத்தில் இருந்தோம். அதனால் போனில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

போன வருஷம் அக்காவுக்கு ஓசூரில் நல்ல வேலை கிடைத்தது. மறுநாள் பதில் சொல்ல வேண்டும். திருவேற்காட்டில் அவள் ஃபிளாட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"நான் போயிட்டா மொத்தமும் உன் தலையிலதான்டா விழும்."

"எனக்கு முப்பது வயசு ஆவுதுக்கா."

"ஆனா இன்னா? அம்மா அழுதா நீயும் கூடவே அழுவுற."

அவள் போன் அடித்தது. அம்மா.

"யுவா, உங்கப்பாகிட்ட சொல்லு. டேங்க் நெரம்பி வழியுது. மோட்டார நிறுத்தச் சொல்லு."

"அவரு எங்கம்மா கீறாரு?"

"இதோ, எதிர்லதான் பேப்பர் படிச்சிகினு கீறாரு."

அதற்குள் என் போன். அப்பா.

"கோகுலு, உங்கம்மாகிட்ட சொல்லு. சுவிட்ச் அவ தலைக்கு மேலதான் கீது."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு என் போனுக்குக் கை நீட்டினாள். "குடு, நான் சொல்றேன்."

நான் கொடுக்கவில்லை. அவள் போனையும் வாங்கி, இரண்டையும் ஸ்பீக்கரில் போட்டு, மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"வாக்கா, டீ குடிக்கலாம்."

"டேய், தண்ணி வீணா போவுதுடா!"

"போவட்டும்."

"யுவா? யுவா?" என்றது ஒரு போன். "கோகுலு, லைன்ல கீறியா?" என்றது இன்னொன்று. ஒன்றுக்கொன்று பதில் சொல்லவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினோம்.

டீக்கடைக்குப் போனோம். பாதி டீ ஆறிப்போன பிறகு, "ஓசூருக்கு சாமான் ஏத்த வண்டி எங்கடா புடிக்கிறது?" என்றாள் அக்கா.

"குமணன்சாவடில கேட்டுச் சொல்றேன்."

ஃபிளாட்டுக்குத் திரும்பியதும், வேலைக்கு வருகிறேன் என்று ஓசூருக்குச் சொல்லிவிட்டாள். திருநின்றவூரில் மோட்டாரை, மாடியிலிருந்து இறங்கி வந்து வீட்டுக்கார அம்மா ராதிகாதான் நிறுத்தினாராம்.

அக்கா இப்போது ஓசூரில் இருக்கிறாள். நான் அம்பத்தூரில் பழைய வேலையில்தான் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் கொஞ்ச நாள் ராதிகா அம்மா மூலமாகப் பேசிக்கொண்டார்கள். அவர் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அடுத்த தெருவில் குடியிருக்கிறார்கள். இன்னும் பேசுவதில்லை.