அழித்துவிட்டுத் திரும்பப் போடு

தப்பு என் மேல்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஆளாளுக்கு வந்து ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை. ஆறுதல் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். இருபது வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரில் பாதிப் பேரைத் திட்டித் தீர்த்தவள். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் அழுதுகொண்டே இறங்கிப் போவார்கள், மறுநாள் மறுபடி வருவார்கள். அப்படிப்பட்டவளுக்கு நரம்பில் நோய் வந்தது. முதலில் கை போனது, பிறகு கால், பிறகு நாக்கு. கடைசியில் மிஞ்சியது இடது கண்ணின் கீழ் இமையில் ஒரு சின்னத் துடிப்பு. உற்றுப் பார்த்தால் அசைந்த மாதிரியும் இருக்கும், அசையாத மாதிரியும் இருக்கும்.

அந்தத் துடிப்பைக் கண்டுபிடிக்க லேப்டாப்பில் ஒரு புரோகிராம் இருந்தது. கப்பலில் என்ஜின் வேலை பார்க்கும் என் தம்பி, லீவில் வந்தபோது பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்துகொண்டே போகும். வேண்டிய எழுத்து வரும்போது அக்கா இமையை அசைப்பாள், கேமரா அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வரி எழுதக் கால் மணி நேரமாகும். அந்தக் கால் மணி நேரத்தையும் எங்களைத் திட்டுவதற்கே செலவழித்தாள், மகராசி.

மூச்சு குறைந்துகொண்டே வந்தது. தொண்டையில் துளை போட்டு மெஷினோடு இணைக்கலாம், வருடக்கணக்கில் தாங்கும், ஆனால் ஒருமுறை இணைத்தபின் கழற்றுவது லேசான காரியமில்லை என்றார் டாக்டர். வேண்டுமா வேண்டாமா என்பதை அக்காவேதான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அதைக் கேட்க வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. என்னடி சொல்லப்போற என்று அம்மா நான்கு நாள் நச்சரித்தாள். டாக்டரிடம்தான் சொல்வேன், உங்கள் ஒப்பாரியைக் கேட்க எனக்குத் தெம்பில்லை என்று அக்கா எழுதிவிட்டாள். அதற்குமேல் ஓர் எழுத்து எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை புரோகிராம் திறக்கவில்லை. லேப்டாப் தானாக அப்டேட் ஆகி, பழைய பைத்தானை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டிருந்தது. கறுப்புத் திரையில் நாலு வரி எர்ரர். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பன்னிரண்டு வருடமாக ஆபீசில் இதே வேலையைத்தான் செய்கிறேன். பதறிய அம்மாவிடம், பத்து நிமிட வேலை, நீ போய்க் குளித்துவிட்டு வா என்றேன்.

ஒவ்வொரு புரோகிராமுக்கும் வேண்டிய பேக்கேஜ்களை, அதாவது மற்றவர்கள் எழுதி வைத்த துணை புரோகிராம்களை, அதற்கென்று ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வைப்போம். வெர்ச்சுவல் என்விரான்மென்ட் என்று பெயர். பெயர்தான் பெரிசு, அந்த ஃபோல்டரை எங்கள் தொழிலில் யாரும் மதிப்பதில்லை. எதையெதை இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்ற பட்டியல் வெளியே தனியாக இருக்கும். கோளாறு வந்தால் ஃபோல்டரை அழித்துவிட்டு, பட்டியலை வைத்துத் திரும்பப் போட்டுக்கொள்வோம். வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மண்டையை உடைத்துக்கொள்ளாதே, அழித்துவிட்டுத் திரும்பப் போடு.

ஒன்பதரைக்கு அழித்தேன். கட்டளை தட்டி அழித்தால் குப்பைத்தொட்டிக்குப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும். தெரிந்துதான் தட்டினேன்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது தலைவலி. கண்ணைக் கண்டுபிடிக்கும் பேக்கேஜ் பழைய வெர்ஷன், புதிய பைத்தானோடு ஒத்துப்போகவில்லை. அதன் புதிய வெர்ஷனைப் போட்டால் இன்னொரு பேக்கேஜ் முறைத்துக்கொண்டது. அதைச் சரிக்கட்டினால் மூன்றாவது ஒன்று கிளம்பியது. பதினொன்றாகி, பன்னிரண்டாகி, சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் பழைய பைத்தானையே தேடிப்பிடித்து இறக்கி, பட்டியலில் உள்ளபடி புள்ளி பிசகாமல் எல்லாவற்றையும் போட்டேன். வெற்றிகரமாக இன்ஸ்டால் ஆனது என்ற வரி வந்தபோது மணி ஒன்றே முக்கால். போன உயிர் திரும்பி வந்தது.

அக்காவின் முன்னால் லேப்டாப்பை வைத்தேன். ஓர் எர்ரரும் இல்லை. எழுத்துகள் ஒளிர்ந்தன. ஒரு சுற்று போனது, இரண்டாவது சுற்று போனது, எதுவும் நிற்கவில்லை. அக்கா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கை இழுத்து வைத்தேன், திரைச்சீலையை ஒதுக்கினேன், கேமராவைத் துடைத்தேன். "அக்கா, இப்ப அசை. இந்த எழுத்துல அசை" என்று கெஞ்சினேன். அவள் அசைத்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். புரோகிராமுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாற்பதுக்குத் தம்பி போன் செய்தான். காலையில் நான் அனுப்பிய மெசேஜ், கப்பல் கரைப்பக்கம் வந்தபிறகு அப்போதுதான் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. புரோகிராம் ஓடுகிறது, இமையை மட்டும் பிடிக்கவில்லை என்றேன். அவன் பதறவேயில்லை.

"பழைய ஃபோல்டர் இருக்குல்ல சின்னக்கா? அதுக்குள்ளதான் எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கேன்."

ஊர் உலகத்துக் கண்களுக்காகச் செய்த பேக்கேஜ் அக்காவின் இமையைப் பிடிக்கவில்லை என்று, அந்த ஃபோல்டருக்குள் இருந்த பேக்கேஜின் ஃபைல்களையே திறந்து மாற்றியிருக்கிறான். மூன்று வாரம் அவள் எதிரில் உட்கார்ந்து, எண்களைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துப் போட்டது. பட்டியலில் பேக்கேஜின் பெயரும் வெர்ஷனும்தான் இருக்கும், அதெல்லாம் ஏறாது. எங்கள் ஆபீசில் ஒருத்தன் அப்படிச் செய்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவோம். ஆனால் அவன் என்ஜின்காரன். பாகம் பொருந்தவில்லை என்றால், அது இருக்கிற இடத்திலேயே அரத்தால் ராவிச் சரிசெய்கிறவன். அந்த ஃபோல்டரை யாராவது அழிப்பார்கள் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

எந்தெந்த ஃபைல் என்று கேட்டேன். "அழிச்சுட்டியா?" என்றான். அந்த எண்கள் ஒன்றாவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். கண்ணால் பார்த்துப் பார்த்துப் போட்டது, ஒன்றுகூட நினைவில்லை என்றான்.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பாழாய்ப்போன மனுஷன், ஒரு பத்து நிமிடம் தாமதித்திருக்கக் கூடாதா. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அக்காவின் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, இன்றிரவே மூச்சு நின்றுபோகலாம், முடிவு இப்போதே தெரிந்தாக வேண்டும் என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்காவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"மெஷின் வேணும்னா இமைய அசைங்க. வேண்டாம்னா அசைக்காதீங்க."

மூன்று பேரும் அந்த இமையையே பார்த்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அசைந்தது, அசைந்தது, என் பிள்ளை அசைத்துவிட்டாள் என்று அம்மா அழ ஆரம்பித்தாள். டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். தனக்கு எதுவும் தெரியவில்லை என்றவர், என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பாத்தீங்களா?"

நான் எதையும் பார்க்கவில்லை. அது அவளுடைய பதிலா, என் கண்ணின் லட்சணமா என்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் அக்கா செத்துப்போவாள். அந்த ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

"பாத்தேன்" என்றேன்.

அம்மா கையெழுத்துப் போட்டாள். அன்று மாலையே துளை போட்டார்கள்.

ஏழு வாரம் கழித்துத் தம்பி லீவில் வந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலின் எதிரில் உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடி எண்களைப் போட்டுப் பார்த்தான். மெஷின் உஸ் உஸ் என்று அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பதினாறாவது நாள் பகலில் ஓர் எழுத்து நின்றது. பிறகு இன்னொன்று. நாங்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். சந்தோஷத்தில் அம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. அரை மணி நேரத்தில் இரண்டு வரி வந்தது.

நான் அசைக்கல.

சின்னவளுக்கும் தெரியும்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னடி எழுதியிருக்கா? சத்தமா படி."

இரண்டு வரியையும் படித்தேன்.