பணி வரலாற்றில் ஓர் ஆண்டு

2003 மார்ச் 10, யாங்கூன்: போக்குவரத்து ஆணையத்தின் முன்னாள் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர்களின் பணி வரலாறுகளைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்ட உத்தரவு வந்தது. தட்டச்சர் ஷைலா அடிக்க வேண்டிய கடைசித் தலைவரின் தாளில், 1987க்கு அடுத்த வரி 1989.

"எண்பத்தெட்டக் காணோமே, பால் அண்ணே?"

தலைமை எழுத்தர் பால் நிமிரவில்லை. "லீவுல இருந்தாராம். இருக்கறபடியே அடிச்சிரும்மா."

அந்த ஆண்டு நடந்த மாணவர் கிளர்ச்சியில் ஷைலாவின் தம்பி கைதானான். மூன்றாம் நாள் அவள் கொண்டுபோன சோற்றை, அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிய காவல் நிலைய அதிகாரி, அந்தத் தாளுக்கு உரியவர்தான். தம்பி வரவேயில்லை.

"1988: காவல் நிலையப் பொறுப்பதிகாரி" என்று அடித்துக் கொடுத்தாள்.

"வேலை போயிரும்மா."

"அவரு பாத்த வேலையத்தானே அடிச்சிருக்கேன்."

வெள்ளிக்கிழமை சட்டங்கள் மாட்டப்பட்டன. 1988 இல்லை. திங்களன்று ஷைலா நகரின் விளிம்பிலுள்ள ஷ்வேப்யிதா பேருந்துப் பணிமனைக்கு மாற்றப்பட்டாள்.